கண்ணாடியில் வைத்த குங்குமம்

உதய்க்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெங்களூரு ரயிலில் எதிர் சீட்டிலிருந்த ஷில்பாவிடம் போனை நீட்டினான். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் வக்கீல் அவள். தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண்ணைத் திருட்டுத்தனமாக அள்ளி விற்கிற கான்ட்ராக்டரின் வண்டவாளத்தை, பெயர் போடாமல் வெப்சைட்டில் எழுதுகிறவன் உதய்தான் என்பது வீட்டுக்கு வெளியே அவளுக்கு மட்டுமே தெரியும். கான்ட்ராக்டரின் ஆட்களுக்குத் தெரிந்தால் கையைக் காலை விட்டுவைக்க மாட்டார்கள். பகலெல்லாம் வீட்டில் அம்மா பாப்பம்மா வேறு தனியாக இருக்கிறாள்.

இப்போது வந்திருப்பதோ வேறு வம்பு. வெப்சைட்டின் முகப்பிலிருக்கும் படம் தங்களுடையதாம். வழக்குப் போடவேண்டும், நடத்துகிறவன் பெயரைக் கொடு என்று, படம் விற்கும் ஒரு கம்பெனி, வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கும் சர்வர்காரர்களைக் கேட்டிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் உதய் மறுத்து எழுதாவிட்டால் கொடுத்துவிடுவார்களாம்.

படத்தில் இருப்பது யார்? உதயின் அப்பா காத்தவராயன்! ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து ஆளை மேலேற்றும் கேஜிலிருந்து வெளியே வருகிறார். தாய்மாமன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரே பிரதி, வீட்டுச் சுவரில். முகம் பாதி இருட்டு. ஊராருக்கு அது யாரோ ஒரு சுரங்கத் தொழிலாளி, பாப்பம்மாவுக்கு மட்டும் புருஷன்.

"அவங்க விக்கிற படத்தப் பாரும்மா. ஹெல்மெட்டு மேல இன்னா இருக்குது?"

ஷில்பா பெரிதாக்கிப் பார்த்தாள். சிவப்பாக ஒரு பொட்டு, ஓரத்தில் விரல் இழுத்த கறை. செத்தவர் படத்தை ஆணியிலிருந்து இறக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், கண்ணாடிமேல் அவள் வைத்த குங்குமத்தோடே உதய் போனில் எடுத்துப் போட்டிருந்தான். திருடியவனுக்கு அதை அழிக்கக்கூடத் தோன்றவில்லை.

"அப்ப திருடுனது அவங்கதான்ணா. ஈசியா ப்ரூவ் பண்ணலாம்."

"பின்ன இன்னா? பண்ணும்மா!"

"எங்க வீட்டுப் படம்னு சொல்லணும்னா எந்த வீடுன்னு சொல்லணுமே. உங்க பேரு, அட்ரஸ் எல்லாம் அவங்க கைக்குப் போவும். அங்கேருந்து யார் கைக்குப் போவும்னு யாருக்குத் தெரியும்?"

"பேரு சொல்லாம ஒண்ணும் முடியாதா?"

"சைட்டுலேருந்து படத்த எடுத்துட்டோம், பேரு தராதீங்கன்னு வக்கீலா நான் எழுதலாம். படம் எங்களுதுன்னு மட்டும் எழுத முடியாது."

திருடியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்பான். பறிகொடுத்தவன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். என்ன நியாயமோ! உதய் பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி பங்காருபேட்டையைத் தாண்டுவதற்குள் வெப்சைட்டிலிருந்து படத்தை எடுத்தான். ஷில்பாவின் கடிதத்துக்குப் பிறகு கம்பெனி பெயர் கேட்பதை விட்டது. படம் விற்பதை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாப்பம்மா வழக்கம்போல அவன் போனை வாங்கி வெப்சைட்டைப் பார்த்தாள்.

"இன்னாடா, உங்கப்பன காணோம்?"

"எடுத்துட்டேம்மா."

"ஏன்டா? அந்தாளு இன்னா தப்பு பண்ணாரு?"

அம்மா எழுந்து போய், கண்ணாடியைத் துடைத்துப் புதுக் குங்குமம் வைத்தாள். அவள் அன்றைக்கு வைத்த பொட்டு, கம்பெனிக்காரனிடம் இன்னும் விற்பனைக்கு இருந்தது.