ஒரு தடவை அடித்தால் நல்ல சேதி

1

மகேந்திராவின் கடையில் கன்னையா வைத்திருந்த பாக்கி நூற்று நாற்பத்து மூன்று டாலர் அறுபது சென்ட். கதையை இந்தத் தொகையில் தொடங்குவதற்குக் காரணம், கன்னையாவே எதைப் பேசினாலும் இதில்தான் தொடங்குவார். லவுத்தோக்கா மில்லுக்குக் கரும்பு வெட்டும் கேங்கில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசை. நாற்பது தாண்டித்தான் நான் எழுத்துக் கூட்டப் படித்தேன். "நீயே எழுது. உனக்குத்தான் எழுத்து இன்னும் புதுசா இருக்கு" என்றார் கன்னையா.

(முதலில் 'கதிரவன் கரும்புக் காட்டின் மேல் பொன்னை வாரி' என்று ஆரம்பித்தேன். கரும்பு வெட்டுகிறவனுக்குக் கதிரவன் எதையும் வாரி இறைப்பதில்லை. முதுகுத் தோலை எடுத்துக்கொள்வதோடு சரி. அடித்துவிட்டேன்.)

2

இரண்டாயிரத்தில் எங்கள் தீவின் தலைநகரான சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் கன்னையாவின் நிலக் குத்தகையும் முடிந்தது. மகன் ரொனீல் சிட்னிக்குப் போய், அங்கேயே தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டான். கிடைத்தால் அப்பாவையும் பின்னாலேயே கூப்பிட்டுக்கொள்வான். கிடைக்காவிட்டால் திரும்பி வந்து கத்தி பிடிக்க வேண்டியதுதான். கன்னையாவுக்கு ராத்திரி பகலாக இந்த ஒரே நினைப்பு.

அப்போது நாட்டுக்கே ஒரு மொபைல் கம்பெனிதான். வேறு வரன் வராத வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அது முறுக்கிக்கொண்டு நிற்கும், சொன்னதுதான் விலை. நாங்கள் எல்லோரும் காசு போட்டு ஒரு போன் வாங்கியிருந்தோம். வயலோரம் எந்த மரத்தில் சிக்னல் கிடைக்கிறதோ அந்தக் கிளையில் எங்கள் கேங்குக்குத் தலைவரான சர்தார் பல்ராம் அதைக் கட்டித் தொங்கவிடுவார். ஒரு தடவை அடித்து நின்றால் லாரி வருகிறது. இரண்டு தடவை என்றால் மில் நின்றுவிட்டது. யாரும் எடுப்பதில்லை. எடுத்தால்தானே காசு.

இந்த வித்தையைத்தான் கன்னையா மகனுக்கும் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். ஒரு தடவை அடித்தால் அனுமதி கிடைத்தது. இரண்டு தடவை அடித்தால் கிடைக்கவில்லை.

[கம்பெனிக்காரர் யாராவது இதைப் படித்தால்: இப்போது நாங்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை. செய்தாலும் சொல்ல மாட்டோம்.]

3

ஒரு மத்தியானம் போன் அடித்து நின்றது. சிட்னி நம்பர். கத்திகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தோம். மாமரத்தை இத்தனை பேர் ஒன்றாக அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. வரவில்லை.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு தபால் கவர் படம் முளைத்திருந்தது. பல்ராம் சட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. கம்பெனி வாழ்த்து அனுப்பியிருக்கிறது என்று தீர்மானித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னையா மகேந்திராவிடம் கடனுக்கு ஒரு கிடா எடுத்தார். இடித்துக் கரைத்துக் குடித்தால் லேசாகக் கிறங்க வைக்கும் நங்கோனா வேரும் எடுத்தார். அந்த நூற்று நாற்பத்து மூன்று டாலர் அறுபது சென்ட் பாக்கி இதுதான். வழக்கப்படி கைதட்டிக் கைதட்டிச் சிரட்டை சிரட்டையாகக் குடித்தோம். கடன் கொடுத்த மகேந்திராவும் வந்து உட்கார்ந்தார். சிட்னியில் நல்ல மிளகாய் கிடைக்குமா என்று கன்னையா ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். இனி எதற்கு என்று தன் கத்தியை எனக்கே கொடுத்துவிட்டார்.

4

இரண்டு வாரம் கழித்து, தோளில் பையோடு ரொனீல் வயலுக்கு வந்து நின்றான்.

(இங்கே அவனை அழவைத்து ஒரு பக்கம் எழுதி, கன்னையாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் எங்க அழுதான்? பசிக்குதுன்னுதானே சொன்னான்" என்றார். அந்தப் பக்கம் அடுப்புக்குப் போயிற்று.)

அப்பாவைக் கூட்டிப்போக வந்திருக்கிறான் என்று சிலர் கைகூடத் தட்டினார்கள்.

"அதான் சொன்னேனே பா, கிடைக்கலன்னு."

"எங்கடா சொன்னே? ஒரு தடவதானே அடிச்சே."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. கம்பெனி புதுசாக ஒரு சேவையைக் கண்டுபிடித்து, கேட்காமலே எல்லோர் போனிலும் போட்டுவிட்டிருந்தது. நாம் எடுக்காவிட்டால் ஒரு பெண் எடுப்பாள்; சொல்வதைப் பதிந்து வைப்பாள். அவள் எடுத்த நிமிஷமே கூப்பிட்டவன் காசு ஓடும். ரொனீலின் கார்டில் மிச்சமிருந்ததை அவள் முழுங்கிவிட்டாள். இரண்டாவது தடவை அடிக்க அதில் ஒன்றுமில்லை. சேதியைத்தான் சொல்லியாயிற்றே, அப்பா கேட்டிருப்பார் என்று அவனும் இருந்துவிட்டான்.

அந்தக் கவருக்குள்தான் இத்தனை நாளும் அவன் இருந்திருக்கிறான். அதைத் திறந்து கேட்க எங்களுக்கும் காசு. போனில் கிடந்த சில்லறையை நம்பி ரொனீல் பொத்தானை அழுத்தி அப்பா காதில் வைத்தான். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பா, கிடைக்கல. வந்துர்றேன். நீங்க பாட்டுக்கு மகேந்திரா கடையில கிடா கீடா எடுத்துராதீங்க."

கன்னையா என் பக்கம் கையை நீட்டினார். கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். ரொனீல் அதற்குக் கை நீட்டினான். அவர் தரவில்லை. "மொதல்ல சோறு தின்னு" என்றார்.

5

இனி முடிவு. ரொனீல் நியூசிலாந்துக்கு மனுப் போட்டுப் போய்விட்டான் என்று எழுதலாம். கேங்கிலேயே சேர்ந்து, இன்றைக்குச் சர்தாராக இருக்கிறான் என்றும் எழுதலாம். அல்லது, பிற்பாடு இன்னொரு கம்பெனி வந்து, விலை இறங்கி, எல்லோரும் மணிக்கணக்காகப் பேசத் தொடங்கி, சொல்ல ஒன்றுமில்லாமல் ஒருவரையொருவர் 'அப்புறம், அப்புறம்' என்று

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். மில் பணம் பட்டுவாடாவான அன்று பல்ராம் எல்லோரையும் மகேந்திராவின் கடைக்கு நடத்திப் போனார். கேங்கில் கூலியும் பங்கு, செலவும் பங்கு. தின்றவனெல்லாம் எடுத்து வையுங்கள் என்றார். வைத்தோம். என் பங்கும் அதில் உண்டு. இந்தக் கதையை எழுத எனக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான். கடைசியில் ஒரு பங்கு குறைந்தது. பல்ராம் மகேந்திராவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களுந்தான் ரெண்டு தட்டு, சேட்."

மகேந்திரா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் கடன் நோட்டில் கன்னையாவின் பெயரை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

கடன் தீர்ந்தது. ஆனால் நான்காம் பகுதியில் ஒன்றைப் பாதியில் விட்டுவந்தேன். மகன் குரல் முடிந்ததும் போனிலிருந்த அந்தப் பெண் கன்னையாவிடம் கேட்டாள்: ஒன்றை அழுத்தினால் இந்தக் குரலை வைத்திருப்பாளாம், இரண்டை அழுத்தினால் அழித்துவிடுவாளாம். கன்னையாவின் கட்டைவிரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது. அவர் எதை அழுத்தினார் என்று நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே அழுத்துங்கள். சீக்கிரம், காசு ஓடுகிறது.