தான்பிக்குக் காற்று பிரியவில்லை

எங்கள் தேகு நகரத்துக்காரர்கள் ரகசியம் பேசினால் பக்கத்து வார்டுக்கும் கேட்கும். நானும் இதே ஊர்தான். இருபத்தேழு வருடமாகக் குழந்தைகளின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அந்த இருபத்தேழு வருடமும் தினம் இரண்டு வேளை, ஆறு கட்டில் போட்ட அறையின் வாசலில் நின்றுகொண்டு நான் உரக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"என்னம்மா, காத்து பிரிஞ்சுதா?"

குடலில் அறுவை செய்த குழந்தைக்கு எங்கள் நாட்டில் இருக்கும் ஒரே பரீட்சை இது. காற்று பிரிந்துவிட்டால் குடல் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் வீடு. பிரியாவிட்டால் டிரிப்ஸும் பட்டினியும்தான். அதற்காக இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது வரும் புத்தகங்களில் எழுதுகிறார்கள். எழுதியவர்கள் எங்கள் வார்டு அம்மாக்களோடு ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை. இங்கே குழந்தை காற்று விட்டால் ஆறு அம்மாக்களும் கைதட்டுவார்கள், தலைமை நர்ஸ் சோக் தாழ்வாரத்தில் அறிவிப்பார், ஊரில் இருக்கும் அத்தை மாமன்களுக்கெல்லாம் போனில் செய்தி பறக்கும்.

அந்த வாரம் எங்களைப் படுத்தி எடுத்தவள் ஓக் தான்பி. எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழோடு வந்தாள். மூன்று சின்னத் துளை போட்டு எல்லாவற்றையும் கழுவி எடுத்தோம். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் கோந்து போட்டு ஒட்டிய மாதிரி கட்டிலைவிட்டு எழ மாட்டேன் என்றவள், அம்மா திட்டியதும் எழுந்து நடந்தாள். எல்லாம் சரி. காற்று மட்டும் பிரியவில்லை.

அவள் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கடைசி இருக்கையில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும் குரல். மகளுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இழுத்துப்போடும் குட்டைப் பலகையில் படுத்துக் கிடந்தார். போனோ கையைவிட்டு இறங்கவில்லை.

"இன்னும் இல்ல டாக்டரம்மா. கிளாஸ் அம்மாக்கள் குரூப்புல மணிக்கொரு தடவை கேக்குறாங்க. டீச்சர் பிள்ளைங்களையெல்லாம் கடுதாசி எழுத வச்சு போட்டோ அனுப்பிருக்காங்க, பாருங்களேன்!"

பார்த்தேன். இருபத்து மூன்று கடுதாசி. எல்லாவற்றிலும் வண்ணப் பென்சிலில் ஒரே வாசகம்: 'தான்பி, சீக்கிரம் குசு விடு! ஜெயிச்சு வா!' ஒன்றில் மேகம் போல ஏதோ வரைந்து அதற்குச் சிறகும் வைத்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குப் பின்னால் நின்ற டாக்டர் பியோவும் சிரித்தான். பயிற்சியில் மூன்றாம் வருடம். நான் சிரித்தால்தான் அவன் சிரிப்பான். தான்பி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என்ன ஒரு மரமண்டை நான்!

நான்காம் நாள் காலை வயிறு நன்றாக உப்பியிருந்தது. பியோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"மேடம், குடல் எங்கயாவது ஒட்டிக்கிச்சோன்னு பயமா இருக்கு. மூக்கு வழியா டியூப் போட்டுட்டு ஸ்கேன் எடுத்துரலாமா? இப்படியே இருந்தா நாளைக்குத் திரும்ப உள்ள போய்ப் பாக்கணும்."

திரும்ப உள்ளே போவது என்றால் மறுபடியும் மயக்கம், மறுபடியும் கத்தி. தான்பியின் அம்மா அதைக் கேட்டுவிட்டார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. "இன்னொரு ஆபரேஷனா?" என்றார், எனக்கே கேட்காத மாதிரி. ஒட்டிக்கொண்ட குடலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தேவையில்லாமல் ஒரு குழந்தையைத் திறப்பது எவ்வளவு பெரிய பாவம் என்றும் தெரியும்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடு. முதல்ல ஒரு எக்ஸ்ரே எடு" என்றேன்.

வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். தூங்கும் குடலில் சத்தமே இருக்காது. ஒட்டிக்கொண்ட குடல் கிணுங் கிணுங்கென்று உலோகம் தட்டும். இவள் வயிற்றிலோ கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி ஒரே கலகல, களகள. எக்ஸ்ரே வந்தது. காற்று எங்கேயும் தடைபட்டு நிற்கவில்லை. சிறுகுடல், பெருங்குடல் என்று எல்லா இடத்தையும் தாண்டி, கடைசி வாசல்வரை வந்து வரிசையில் காத்து நின்றது. வாசல்தான் பூட்டியிருந்தது.

பியோ படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்துவிட்டான். "புரியல மேடம்."

எனக்கும் புரியவில்லை. தாழ்வாரத்துக்குப் போனேன். தான்பி டிரிப்ஸ் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பத்து அடி நடப்பாள். சட்டென்று நிற்பாள். முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், குதிகால் தூக்கும், முகம் சிவக்கும், கம்பியை இறுக்கிப் பிடிப்பாள். பிறகு மூச்சு விட்டுவிட்டு மறுபடி பத்து அடி. அந்த நேரம் பார்த்து அறைக்குள் எதிர்க்கட்டில் கியோல், குடலுக்குள் குடல் செருகிப்போய் வந்த மூன்று வயது வாண்டு, டமாலென்று ஒன்று விட்டான். கைதட்டல். விசில். "கியோலுக்குக் காத்து பிரிஞ்சாச்சு!" என்று நர்ஸ் சோக்கின் அறிவிப்பு. தான்பியின் முகத்தைப் பார்த்தேன். தூக்குமேடையைப் பார்த்தவள் மாதிரி நின்றாள்.

அப்போதுதான் உறைத்தது. இருபத்தேழு வருட அனுபவம்! வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

கட்டு மாற்றும் அறைக்கு அவளைக் கூட்டிப்போய், எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தினேன். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து அவள் காதுக்குப் பக்கத்தில் போனேன்.

"தான்பி, நீ அடக்கி வச்சிருக்கியா?"

சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ராத்திரிகூடவா?"

"தூக்கத்துல கொஞ்சம் போயிருக்கும்னு நெனைக்கிறேன். அம்மா குறட்டை விட்டதால கேக்கல."

"ஏன் கண்ணு அடக்குற?"

"நான் விட்ட உடனே அம்மா குரூப்புல போட்டுருவாங்க. எல்லா அம்மாவும் வீட்டுல சொல்லுவாங்க. ஹான்யோல் இருக்கான்ல, கிளாஸ் லீடர், அவனுக்கும் தெரிஞ்சுரும். அப்புறம் ஆறாங்கிளாஸ் முடிஞ்சு இந்த ஸ்கூலை விட்டுப் போற வரைக்கும் என் பேரு குசு தான்பிதான். போன வருஷம் ஒருத்தன் ஸ்கூல்ல வாந்தி எடுத்தான். அவனை இன்னும் வாந்தின்னுதான் கூப்பிடுறாங்க."

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. குழந்தை சொல்வது முழுக்க முழுக்க நியாயம்.

"டாக்டர்கிட்ட சொன்னதை டாக்டர் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அது எங்க சட்டம். உன் அம்மாகிட்டகூட நான் மூச்சு விட மாட்டேன். இப்ப யாரும் இல்ல, இங்கயே விட்டுரு. நான் வேணும்னா காதைப் பொத்திக்கிறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டு, கூடவே எனக்குத் தெரிந்த ஒரே பாட்டையும் பாடினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"வரல டாக்டரம்மா. இறுக்கி இறுக்கி இப்ப தெறக்கவே மாட்டேங்குது" என்று அழுதாள்.

"பரவால்ல. அது வரும்போது வரட்டும். வந்தா மட்டும் பிடிக்காத. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்குத் துளியும் தெரியாது.

மாலை ஐந்து மணிக்கு நோயாளிகளைப் பார்க்கும் சுற்று. எனக்குப் பின்னால் பியோ, அவனுக்குப் பின்னால் இரண்டு பயிற்சி மருத்துவர்கள், அவர்களுக்குப் பின்னால் நான்கு மாணவர்கள், பக்கவாட்டில் நர்ஸ் சோக். சுற்றிலும் ஆறு அம்மாக்கள். தான்பியின் அம்மா கையில் போன். நான் தான்பியின் வயிற்றில் மெதுவாகக் கை வைத்து, இடது பக்கம் கீழ்நோக்கி லேசாக அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைச் சிமிட்டினேன். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் பூட்டு நிற்குமா?

நான்கு நாள் சேமிப்பு. இருபத்தேழு வருடத்தில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. நீளமாக ஆரம்பித்து, நடுவில் ஒரு திருப்பம் எடுத்து, கடைசியில் கேள்வி கேட்கிற மாதிரி மேலே போய் முடிந்தது. தான்பியின் முகம் வெளுத்தது. அவள் அம்மாவின் கட்டை விரல் போன்மேல் எழும்பியது.

"மன்னிக்கணும்" என்றேன், நிமிர்ந்து நின்று. "அது நான். மத்தியானம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொஞ்சம் அதிகமாயிருச்சு."

எங்கள் ஊரில் என்னைப் போன்ற பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தவன் பட்டம் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. மாணவர்கள் நால்வரும் கூரையை ஆராய்ந்தார்கள். ஒருவனுக்குத் தோள் மட்டும் குலுங்கியது. நர்ஸ் சோக் போய் ஜன்னலைத் திறந்தார். பியோ பாவம், ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்து இடுப்புவரை குனிந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்றான்.

"தேங்க்ஸ்" என்றேன். "தான்பிக்கு இப்பவே தண்ணி குடுங்க. ஏழு மணிக்குக் கஞ்சி."

"என்னது, கஞ்சியா?" தான்பியின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளைக்கு இன்னும் காத்து பிரியலையே டாக்டரம்மா!"

"பரவால்ல, குடுக்கலாம்."

"எப்படிக் குடுக்கலாம்? காலையில ரெண்டாவது ஆபரேஷன்னீங்க. இப்ப கஞ்சிங்கிறீங்க. காத்து பிரிஞ்சது உங்களுக்கு! உங்களுக்குப் பிரிஞ்சா எம்பிள்ளை எப்படிக் கஞ்சி குடிக்கும்?"

"அதானே!" என்றார் கியோலின் அம்மா. மூலைக்கட்டில் அம்மாவும் சேர்ந்துகொண்டார். "டாக்டரம்மா வேணும்னா கஞ்சி குடிக்கட்டும்!"

அறையே குலுங்கிச் சிரித்தது. இந்த முறை மாணவர்களும் சிரித்தார்கள், நான் பார்த்துவைத்துக்கொண்டேன். வயிற்றுச் சத்தம் பற்றிச் சொன்னேன், எக்ஸ்ரே பற்றிச் சொன்னேன், புதுப் புத்தகங்களைப் பற்றிக்கூடச் சொன்னேன். தான்பியின் அம்மா அசையவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள தையல் விட்டுருமே டாக்டரம்மா. வலிக்குதுன்னு அவ சொன்னப்ப நான் ரெண்டு நாள் கவனிக்காம வேலைக்குப் போனவ. இனிமே ஒரு தப்பு செய்ய என்னால முடியாது."

உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாழ்நாளில் ஒரு வார்டில் நான் அப்படி விழித்துக்கொண்டு நின்றதில்லை.

தான்பி அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார். மகள் அவர் காதில் ஏதோ சொன்னாள், கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த போனைப் பார்த்தார். அந்தப் பேருந்துக்காரரின் முகம் அழவா சிரிக்கவா என்று தெரியாமல் தவித்ததை நான் மறக்க மாட்டேன். பிறகு குவளையை மகள் வாயில் வைத்தார்.

"குடி" என்றார். அப்புறம் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

தான்பி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அம்மா தட்டி முடித்து, அனுப்பிவிட்டு, திரையை அவள் முகத்துக்கு நேரே காட்டினார். அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து படித்தாள். படித்துவிட்டுத் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, ஐயோ" என்று சிரித்தாள். அன்று ஏழு மணிக்கு அவளுக்கு இரண்டாம் கிண்ணம் கஞ்சியும் தேவைப்பட்டது.

அவர் என்ன போட்டார் என்பது மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. தான்பி வீட்டுக்குப் போன அன்று என் பெயருக்கு ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே இருபத்து மூன்று கடுதாசி. 'டாக்டர், உங்களுக்குக் காற்று பிரிந்ததற்கு வாழ்த்துகள்!' சிறகு வைத்த மேகமும் இருந்தது. கிளாஸ் லீடர் ஹான்யோல் அழகான கையெழுத்தில், 'வெட்கப்படாதீர்கள். எங்கள் அப்பாவும் சர்க்கரைவள்ளி சாப்பிடுவார்' என்று ஆறுதல் சொல்லியிருந்தான். அதை என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வாசலில் நின்று கத்துவதையும் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் குழந்தையின் காதருகே குனிந்துதான் கேட்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துத் தான்பி தையலைக் காட்ட வந்தாள். அம்மா வண்டியை நிறுத்தப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு ரகசியம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, உங்க சட்டம்."

"சொல்லு."

"நேத்து கணக்கு கிளாஸ்ல ஹான்யோல் விட்டுட்டான். பெருசா. எல்லாரும் யாரு யாருன்னு திரும்பிப் பாத்தாங்க. அவனுக்கு அழுகையே வந்துருச்சு."

"அப்புறம்?"

"நான் எந்திரிச்சு நின்னு, மன்னிக்கணும், அது நான்னு சொல்லிட்டேன். கிழங்கு சாப்பிட்டேன்னும் சொன்னேன்."

"ஐயோ! இப்ப உன்னை என்னன்னு கூப்பிடுறாங்க?"

"குசு தான்பிதான்" என்றாள், முன்பல் இரண்டும் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். மூன்று தழும்பும் நன்றாக ஆறியிருந்தன.