இடது திரை

ஐஸ் பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், குறுக்கே திருப்பினார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு முழம் வெளியே நின்றது. டெல்லி துவாரகாவில் இந்த அடுக்குமாடி சொசைட்டியைக் கட்டியவர்கள், இங்கே யாரும் சாகப் போவதில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் ஆட்கள் அதைப் படிக்கட்டு வழியாகத் தூக்கத் தொடங்கினார்கள். மேலே ஐந்தாவது மாடியில் கவிப்ரியா தரையில் மண்டியிட்டு, அப்பாவின் கம்ப்யூட்டர் ரேஸ் இருக்கையை அதன் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இன்னுமா முடியல?" என்றார் அப்பாவு மாமா. அம்மாவின் தம்பி. மோதி பாக்கிலிருந்து விடிவதற்குள் வந்துவிட்டவர். "ஆஸ்பத்திரியிலருந்து வண்டி கெளம்பிருச்சு. ஹால் பூரா இத அடைச்சு வச்சிருந்தா மச்சானை எங்கிட்டுப் படுக்க வைக்கிறது?"

"ஸ்க்ரூ டைட்டா இருக்கு மாமா."

"ஜல்தி பண்ணு. வரலைன்னா சொல்லு, கீழருந்து ஒரு பையாவக் கூப்பிட்டு ஒடைச்சுப்புடலாம்."

ஸ்க்ரூ டைட்டாக இல்லை. அது ஏற்கெனவே கழன்று அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஹாலில் யாரும் இல்லாத கொஞ்ச நேரம். கம்ப்யூட்டரை ஒரே ஒரு தடவை ஆன் செய்து, இடது பக்கத் திரை எரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எரியாவிட்டால் அவள் பிழைத்தாள்.

அப்பா அழகர்சாமி விமான நிலையத்தில் டிரைவர். நிற்கிற விமானத்தைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும் வண்டியை ஓட்டி ரிட்டயரானவர். "நாங்க தள்ளாம ஒரு பைலட்டும் பறக்க முடியாது" என்பார். அதன்பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் பழைய டீசல் கார். அதற்கும் பத்து வருஷம் முடிந்தது. டெல்லியில் இனி ஓட்டக் கூடாது என்று சட்டம். காரை இழுத்துப் போன நாளிலிருந்து மனிதர் டிவி முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் பார்த்தார். வளைவு வந்தால் சோபாவில் அவரும் சாய்ந்தார்.

"உங்களுக்கு ஒரு வண்டி செஞ்சு தர்றேன்ப்பா" என்று கவிப்ரியா சொன்னது அப்போதுதான்.

சனிக்கிழமைகளில் இருவரும் நேரு ப்ளேஸ் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனார்கள். ப்ராசஸர், மதர்போர்டு, ராம், ஸ்டியரிங், பெடல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கிராஃபிக்ஸ் கார்டை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருத்தரையும் இடிக்க விடாமல் வந்தார் அழகர்சாமி. ஒரு திரை போதும் என்று அவள் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. "நடுவுல ரோடு, ரெண்டு பக்கமும் ஜன்னல். அப்பத்தான் அது வண்டி. இல்லாட்டி டிவி."

மூன்று திரைகளையும் மாட்டிய அன்று இடது திரை மட்டும் இருட்டாக இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டிய கேபிளை அவசரத்தில் மதர்போர்டில் செருகியிருந்தாள். மாற்றினாள், வந்துவிட்டது. அப்பா கை தட்டினார்.

மறுநாள் சாயங்காலம் அவர் ஓட்ட உட்கார்ந்தார். இரண்டு சுற்று முடிந்திருக்கும்.

"பாப்பா, லெஃப்ட் மறுபடி போச்சு."

அவள் திரைகளுக்குப் பின்னால் புகுந்தாள். அங்கே ஒயர்கள்தான் தெரியும், படம் தெரியாது. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள்.

"இப்ப?"

"ம்ஹூம். இருட்டாத்தான் இருக்கு."

வேறு கேபிள் போட்டாள். "இப்ப?"

"அப்படியேதான். அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுப் பாருங்க. புள்ளையப் போட்டுப் படுத்தாதீங்க."

"தலை வேற வலிக்குது, இந்திராணி."

"மூணு டிவிய மூஞ்சிக்கிட்ட வச்சுப் பாத்தா வலிக்காம என்ன செய்யும்?"

எவ்வளவு நேரம் பின்னால் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திடீரென்று ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமியது. ஏறிய சத்தம் இறங்கவே இல்லை. "அப்பா, காலை எடுங்க!" பதில் வரவில்லை. காது பொறுக்காமல் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்னால் வந்தாள். மூன்று திரைகளும் அணைந்திருந்தன. அப்பாவின் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவித் தொங்கியது. வலது கால் மட்டும் பெடலை மிதித்தபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியில் கேட்டார். முன்னாடியே இடது பக்கம் தெரியவில்லை என்று ஏதாவது சொன்னாரா? இந்த மாதிரி ஸ்ட்ரோக்கில் அப்படி ஆகும். கோளாறு தன் பார்வையில் என்று அவருக்கே தெரியாது. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

"நஹீ" என்றாள் கவிப்ரியா.

பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். காய்கறிக்காரனிடம் பேசுகிற இந்திதான் அம்மாவுடையது. புரிந்திருக்காது என்று கவிப்ரியா நினைத்துக்கொண்டாள். இன்று விடியற்காலை அப்பா போய்விட்டார்.

படிக்கட்டில் தடாலென்று சத்தம். "அரே, திர்ச்சா கரோ, திர்ச்சா!" சாய்க்கச் சொல்லி யாரோ இந்தியில் கத்தினார். பெட்டி மூன்றாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. "இதென்னய்யா ரோதனை" என்று மாமா கீழே ஓடினார்.

அவள் பிளக்கைச் செருகி பட்டனை அழுத்தினாள். மின்விசிறிகள் சுழன்றன. கேபினெட்டுக்குள் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடின. நடுத்திரை வந்தது. வலது வந்தது. இடதும் வந்தது.

மூன்றிலும் சேர்ந்து ஒரே சாலை, அப்பாவுக்காக அவள் வைத்த வால்பேப்பர். இடது பக்கத்தில் பச்சைப் புல், தடுப்புக் கம்பி, கம்பிக்கு அப்பால் வெள்ளைச் சட்டையில் கொடி பிடித்த ஒருவன். கேபிளை அசைத்தாள். இழுத்து ஆட்டினாள். படம் இம்மிகூட நடுங்கவில்லை.

"கவி, அங்க என்ன சத்தம்?"

அம்மா வருகிற காலடி கேட்டது. கவிப்ரியா திரைக்குப் பின்னால் கையை விட்டு, இடது கேபிளைப் பிடுங்கினாள்.

அம்மா தலை முழுகிய ஈரத்தோடு வந்தாள். எதிர்வீட்டு ஜ்யோத்ஸ்னா வற்புறுத்திக் கொடுத்த டீ டம்ளர் கையில் அப்படியே இருந்தது. எழவு வீட்டில் இது என்ன வேலை என்று திட்டவில்லை. நேராகப் போய் இடது திரைக்கு எதிரே நின்றாள். அது கறுத்துக் கிடந்தது.

"இன்னும் வரலையா?"

"வரலம்மா."

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"இப்படியேதான். கேபிள மாத்தியும் வரல. மானிட்டர்லயே கோளாறு. கடையில குடுத்து மாத்தணும்."

"அப்ப அவரு சொன்னது இதத்தான்."

"இதத்தாம்மா."

"நான்தான் கண்ணாடியத் தொடைக்கச் சொன்னேன்."

"தொடைச்சாலும் வந்திருக்காதும்மா."

அம்மா திரையிலிருந்து திரும்பினாள். "அந்த டாக்டரு வேற என்னமோல்ல கேட்டாரு" என்றாள்.

"அவங்க எல்லாரையும் அப்படித்தான் கேப்பாங்க."

அம்மா தலையசைத்தாள். டீயில் ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கியிருக்கவில்லை.

"சீனி கம்மி" என்றாள்.

படிக்கட்டில் ஆட்களின் மூச்சு வாங்கல் நெருங்கியது. அம்மா டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, குனிந்து இருக்கையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அங்கிட்டுப் புடி. மாமா வர்றதுக்குள்ள உள்ள கொண்டு போயிரலாம்."

கவிப்ரியா பிடுங்கிய கேபிளைக் குர்தா பாக்கெட்டுக்குள் திணித்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தாள்.