டார்ச் பிடிக்கிறவள்

தேயிலை விலை படுத்துப்போன அந்த வருஷங்களில் குன்னூர் ஆண்களுக்கு ஒரு புதுச் சாமர்த்தியம் வந்து சேர்ந்தது. ஏற்றத்துக்கு மட்டும்தான் பெட்ரோல். இறக்கம் வந்துவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை நியூட்ரலில் உருட்டிவிட வேண்டியதுதான். யார் எங்கே அணைத்தான், எதுவரைக்கும் கால் ஊன்றாமல் வந்தான் என்று வீரம்மா டீக்கடையில் தினம் பேச்சு நடக்கும். வாரத்தில் பாதி நாள் பேக்டரியே ஓடாத காலத்தில், ஓடாத இன்ஜினைப் பற்றித்தான் அத்தனை பெருமை!

அந்தப் பெருமையில் தரணிதரனை மிஞ்ச ஆளில்லை. மலை மேலே பேக்டரியில் இலை சூப்பர்வைசர். கேட்டைத் தாண்டியதும் அணைத்தானென்றால் கீழே வாடகை வீட்டு வாசலில்தான் கால் தரையில் படும். அவன் மனைவி ஷண்முகப்ரியாவுக்கு அதே பேக்டரி ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் இறங்குவார்கள்.

ஸ்கூட்டர் பழசு, பேட்டரி கிடையாது. இன்ஜின் ஓடினால்தான் விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும். அணைத்துவிட்டால் வண்டி குருடு, ஊமை இரண்டும்தான். மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அந்தப்பக்கம் ரோடு இருக்கிறதா என்பதே சந்தேகம். தரணிதரன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். பின்னால் உட்காருகிறவள் கையில் டார்ச். அதை அவன் தோளுக்கு மேலே நீட்டிப் பிடித்து, வளைவு வரும்போது அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்ச நாளில் ஊரில் பாதிப் பெண்கள் டார்ச்சும் கையுமாகத்தான் வண்டியில் ஏறினார்கள்.

"ஏனுங்க, வளைவுலயாச்சும் இன்ஜினைப் போடுங்க. எதுக்கால வர்றவனுக்கு நாம வர்றது எப்படிங்க தெரியும்?" என்று ஷண்முகப்ரியா கேட்காத நாளில்லை.

"அதுக்குத்தான புள்ள உன்ர கையில டார்ச்சக் குடுத்திருக்கறேன். பேசாம ஒழுங்காப் புடி."

அவள் பேசாமல் ஒழுங்காகப் பிடித்தாள். கை மரத்துப் போகும், இருந்தாலும் இறக்கியதில்லை. பயத்தில் இருக்கிறவளுக்கு வேறு எதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்?

ஆடி மாதத்து மேகம் அடைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கொண்டை ஊசி வளைவில் ஒரு டாக்ஸி ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது மலையில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். டாக்ஸி ஹார்ன் அடித்தது. பதிலுக்கு அடிக்க ஸ்கூட்டரிடம் ஹார்ன் இல்லை. டாக்ஸி முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு அகலமாகத் திரும்பியது. தரணிதரன் பிரேக்கை மிதித்தான். கியரில்லாமல் உருண்டு வந்த வண்டி ஈர ரோட்டில் நிற்கவில்லை, சறுக்கியது.

ஷண்முகப்ரியா பறந்துபோய்த் தேயிலைச் செடிகளின்மேல் விழுந்தாள். செடிக்கு விலைதான் போயிருந்தது, ஆளைத் தாங்குகிற பலம் போகவில்லை. சிராய்ப்போடு எழுந்தாள். தரணிதரனின் வலது கால் டாக்ஸி பம்பருக்கும் கல்சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்ஸி டிரைவர் டக்ளஸ் ஒரு பிரட் பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு பேர் காதிலும் விழும்படிதான் சொன்னான்.

"அக்கா, சத்தியமாச் சொல்றேன், டார்ச் வெளிச்சத்தை நல்லாப் பாத்தேன். யாரோ நடந்து வர்றாங்கன்னு நெனச்சேன். ஹார்ன் அடிச்சாச்சு, நடக்கற ஆளு ஓரமா ஒதுங்கிக்குவாங்கன்னுதான் வண்டியை ஒடிச்சேன். வண்டின்னு தெரிஞ்சிருந்தா கீழயே நின்னிருப்பேன் அக்கா."

இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்ததுபோல ஷண்முகப்ரியா தூக்கிப் பிடித்த வெளிச்சம், எதிரில் வருகிறவனைப் பார்த்து, 'நாங்கள் நடந்துதான் வருகிறோம், நீ வா' என்று கூப்பிட்டிருக்கிறது. தரணிதரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் கேட்டவர்களுக்கு அவனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "என்ர வண்டியில ஒரு குத்தமுமில்லீங்க. வளைவுல இவ டார்ச்ச எறக்கிட்டா." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை! கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பெண்கள் அவள் கையை ஒருமாதிரிப் பார்த்தார்கள். கால் போன மனுஷனிடம் என்னத்தைச் சண்டை போடுவது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அது பெருந்தன்மை என்று அப்போது நினைத்தாள். மடத்தனம் என்று தெரிய அந்த மழை முடிய வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கதிர் அதே பேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவன், கல்யாணமாகிச் சில மாதம்தான். நசுங்கின ஸ்கூட்டரை வாங்கித் தட்டிக் கொட்டிச் சரிசெய்தான். மறுநாள் காலையில் அவன் மனைவி தாரிணி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் பேக்டரியில் இலை தரம் பிரிக்கும் வேலை கிடைத்திருந்தது.

"அக்கா, அந்த டார்ச்சு வேணுங்க. வண்டியோட அதும் சேத்தின்னு அண்ணன் சொன்னாருங்களாமா."

ஷண்முகப்ரியா வாசலுக்கே வந்தாள். "தரமாட்டேன் தாரிணி. அதப் புடிச்சிட்டு மட்டும் போயிராத. டார்ச்சப் பாத்தா எதுக்கால வர்றவன் நடக்கற ஆளுன்னு நெனச்சுக்கறான். இன்ஜினைப் போட்டு, லைட்டப் போட்டு, ஹார்ன் அடிச்சுட்டு வரச் சொல்லு உன்ர ஊட்டுக்காரர."

"நீங்க டார்ச்ச எறக்கினதாலன்னு அண்ணன் சொன்னாருங்களே அக்கா."

"நான் எறக்கல!" அத்தனை மாதம் அடக்கிவைத்தது தெருவுக்கே கேட்கும்படி வெளியே வந்தது. உள்ளே திரும்பினாள். "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. அந்த டிரைவர் என்ன சொன்னாரு? உங்க காதுலயுந்தான உழுந்துச்சு? இந்தப் புள்ளைக்காச்சும் உண்மையச் சொல்லுங்க."

தரணிதரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தால் அவன் செய்த எல்லாவற்றையும் அவள் மன்னித்திருப்பாள். அவன் ஊன்றுகட்டையை எடுத்து எழுந்தான், அலமாரி வரை போனான், டார்ச்சை எடுத்து வந்து தாரிணி கையில் கொடுத்தான்.

"தப்பிக்கறதுக்கு டிரைவர் ஆயிரம் சொல்லுவான். நீ தோளுக்கு மேல தூக்கிப் புடி. எறக்காதே, அவ்வளவுதான்."

தாரிணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சொன்னா அவரு கேக்கோணுமில்லீங்க அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டார்ச்சோடு போனாள். ஷண்முகப்ரியா சொல்லியும்தான் யார் கேட்டார்கள்?

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மேகம் வாசல்வரை வந்திருந்தது. தரணிதரன் வாசலில் நாற்காலி போட்டு மேல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஏதோ ஒரு கார் கியர் மாற்றி முனகிக்கொண்டு ஏறி அவர்களைக் கடந்து போனது. அதே நேரம் மேலே, வளைவில், ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. சத்தமே இல்லை. யாரோ மெல்ல நடந்து வருகிறார்கள் என்றுதான், எல்லாம் தெரிந்த அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

அவள் கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையைப் போட்டுவிட்டு, "கதிரு, நில்லு! வண்டி வருது, நில்லு!" என்று கத்திக்கொண்டு ரோட்டில் ஏறி ஓடினாள். கார் ஹார்ன் அடித்தது. வெளிச்சம் ஆடியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. கல்சுவரை உரசிக்கொண்டு ஸ்கூட்டர் மேகத்திலிருந்து வெளியே வந்து அவளைத் தாண்டி இறங்கியது. பின்னால் தாரிணி கண்ணை இறுக மூடியிருந்தாள். கை மட்டும் தோளுக்கு மேலே விறைத்துக்கொண்டு நின்றது.

ஷண்முகப்ரியா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். கீழே வாசலிலிருந்து தரணிதரன் கூப்பிட்டான். எத்தனையோ நாளைக்கப்புறம் அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

"பாத்தியா புள்ள? டார்ச்சுன்னா அப்படிப் புடிக்கோணும்!"