மாமாவின் பெயர் ஒட்டிய சாலட்

மருந்துக்கடையில் பதினோரு வருடம் நின்ற மருமகளுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எடுத்த எதையும் நிறுத்துப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். வெங்காயத்தைக்கூட கிராம் கணக்கில்தான் நறுக்குவாள் என்று புருஷன் கேலி செய்வான். கேலி செய்த கையோடு இரண்டாம் தடவை தட்டை நீட்டுவான் என்பது வேறு விஷயம்.

அந்த வாரம் முழுக்க அவளுடைய சமையலறைத் தராசில் பாஸ்தாதான் உட்கார்ந்திருந்தது. காரணம் மாமா.

மாமா என்றால் அவளுடைய மாமனார். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். எண்ணெய் குறைக்கணும், உப்பு குறைக்கணும், கொழுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை மருமகள் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாள். மாமாவுக்குத் தனிச் சட்டி, தனித் தட்டு. மனிதர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெரிசலில் அறுபது பேரை ஒரே அதட்டலில் உள்ளே நகர்த்தியவர், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால்கூட யாரையும் கூப்பிடாமல் தானே வந்து பிடித்துக்கொண்டு போனார்.

கோடை வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் அடுக்குமாடியின் பின்முற்றத்தில் கூடுவது வழக்கம். கரி அடுப்பில் கோழியும் சோளமும் வாட்டுவார்கள். நாத்தனார் பெரிய பாத்திரம் நிறையப் பாஸ்தா சாலட் கொண்டுவருவாள். அதில் பாஸ்தா எங்கே முடிகிறது, மயோனைஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

"இந்தத் தடவை நீங்க எல்லாரும் போங்கம்மா. நான் மேலயே இருந்துக்கறேன்" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"அங்கயும் எனக்குன்னு ஒரு தட்டைத் தனியாக் கொண்டாந்து வைப்ப. அதைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லியே வாய் வலிச்சிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தனித் தட்டைக் கொண்டுவந்தவளே அவள்தானே.

"தனித் தட்டெல்லாம் கிடையாது மாமா. எல்லாரும் எதைச் சாப்பிடறாங்களோ அதையேதான் நீங்களும் சாப்பிடப் போறீங்க. இது என் பொறுப்பு."

மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப வரேன்" என்றார்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் அதன் கனம் அவளுக்கு உறைத்தது. கோழியைத் தோலுரித்து எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது பெரிய வித்தை இல்லை, அதைப் புருஷன் பார்த்துக்கொள்வான். சாலட்தான் சிக்கல். ஏனென்றால் 'எல்லாரும்' என்பதில் நாத்தனாரின் புருஷனும் சேர்த்தி. அவருக்கு வீட்டில் வெண்ணெய் என்று பட்டப்பெயர். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொள்கிறாரா, வெண்ணெய்க்கு ரொட்டியைத் தொட்டுக்கொள்கிறாரா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. நல்ல மனிதர். ஆனால் மனதில் பட்டதை மூடிவைக்கத் தெரியாது. அவர் ஒரு தடவை முகம் சுளித்து, "இது மாமாவுக்காகச் செஞ்சதா?" என்று கேட்டால் போதும், மாமா மறுபடி அறைக்குள் போய்விடுவார்.

நாத்தனாருக்கு ஃபோன் போட்டு, இந்த வருடம் சாலட் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். கிரேக்கர்கள் செய்வது மாதிரி, வெள்ளரி, தக்காளி, ஆலிவ், ஃபெட்டா என்ற உப்புச் சீஸ் போட்டு, பாஸ்தாவைப் பாதியாகக் குறைத்துச் செய்வதாக யோசனை.

முதல் நாள் செய்தது குளமாகிவிட்டது. வெள்ளரியும் தக்காளியும் விட்ட தண்ணீரில் பாஸ்தா நீச்சலடித்தது. புருஷன் ஒரு வாய் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். கல்யாணமானவர்களுக்கு அந்த 'தான்' என்ன சொல்கிறதென்று தெரியும். இரண்டாம் நாள் தக்காளியின் விதைப் பகுதியை எடுத்துவிட்டு, வெள்ளரியைத் துணியில் ஒற்றி எடுத்தாள். ஆனால் பயத்தில் சீஸே போடவில்லை. "இதுல ஏதோ ஒண்ணு செத்துப் போச்சு" என்றான் புருஷன். அந்த வீட்டில் அப்போது சொல்லக்கூடாத வார்த்தை அது. சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் சீஸைப் போட்டதும் உப்புக் கரித்தது. நான்காம் நாள்தான் வழிக்கு வந்தது. ஆலிவையும் சீஸையும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கினாள். சீஸைக் கட்டிகளாகப் போடாமல் விரலால் நுணுக்கித் தூவினாள். கொஞ்சம்தான், ஆனால் வாய்க்கு வாய் தட்டுப்படும். மயோனைஸுக்குப் பதிலாகத் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர், இரண்டே ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, துருவிய எலுமிச்சைத் தோல், பீட்சாவில் தூவும் ஆரிகனோ. மெல்ல வேகவைத்த கொண்டைக்கடலை, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கச் சிவப்புக் குடமிளகாய். புருஷன் கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டான். அவள் நிம்மதியில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு காலை மொத்தமும் கலந்து பெரிய டப்பாவில் நிரப்பினாள். கீழேயிருந்து புருஷன், கரி பற்றவில்லை, பழைய பேப்பர் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தான். "வரேன், வரேன்" என்று மூடியை அழுத்தினாள். மருந்துக்கடையில் பெயர் ஒட்டாத எதுவும் கவுண்டரைத் தாண்டாது. பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாக இழுப்பறைக்குள் போய் ஒரு லேபிளை எடுத்தது, எழுதியது, ஒட்டியது. என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

முற்றத்தில் பதினாலு பேர். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்துகொண்டு, மகளுக்கும் மகனுக்கும் நடுவில் எல்லாரையும்போல ஒரு தட்டோடு நின்றார். மருமகள் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

பசி தாங்காத வெண்ணெய்தான் டப்பாவை முதலில் கையில் எடுத்தார். மூடியைப் பார்த்தார். உரக்கப் படித்தார்.

"பெயர், மாமா. குளிர்ந்த இடத்தில் வைக்கவும். சாப்பிடும் முன் நன்றாகக் கலக்கவும்." டப்பாவை மரியாதையாகத் திரும்ப வைத்தார். "இது மாமாவோட பத்தியச் சாப்பாடு. நமக்கு எங்க இருக்கு?"

நீண்ட கைகள் எல்லாம் பின்வாங்கின. மாமா தன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

மருமகளுக்கு உலகமே நின்றுபோனது. "மாமா, நில்லுங்க. எல்லாருக்கும்தான் செஞ்சேன். கடைப் பழக்கத்துல லேபிள் ஒட்டிட்டேன். ஒரு வாரமா உங்க நெனப்பாவே இருந்தேனா, கை உங்க பேரை எழுதிடுச்சு."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மாமா திரும்பி வந்தார். லேபிளை ஒரு தடவை படித்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"இத்தனையும் நான் ஒருத்தனே திங்கறதுக்கா?"

"இல்ல மாமா."

"ஆனா என் பேர்தானே போட்டிருக்கு?"

அவள் தலையாட்டினாள். மாமா கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப இது என்னோடது. வேணுங்கறவங்க வரிசையில வாங்க." குரல் மூன்றாம் மாடி ஜன்னல்வரை போனது. "வழியில நிக்காதீங்க, முன்னால நகருங்க. மாப்பிள்ளை, நீங்க கடைசியில போய் நில்லுங்க. எங்க சாப்பாட்டைப் பத்தியம்னு சொன்னவருக்குக் கடைசிலதான்."

வெண்ணெய் சிரித்துக்கொண்டே போய் நின்றார். கடைசியில் அவருக்கும் கிடைத்தது. தின்றுவிட்டு, "இதுல மயோனைஸ் இல்லன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்" என்று மறுபடி வரிசைக்கு வந்தார். "ஆளுக்கு ஒரு கரண்டிதான்" என்று மாமா அதட்டினார். அதட்டிவிட்டு இரண்டு கரண்டி வைத்தார்.

எல்லாரும் கோழிப் பக்கம் நகர்ந்த பிறகு, மாமா டப்பாவின் மூலையில் மிஞ்சியதை இரண்டு தட்டில் வைத்து மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் போயிடுவேன்னு பயந்தியாம்மா?"

மூன்று மாதமாக அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"தினமும் மாமா. கதவைச் சாத்தினீங்கன்னா, உள்ள இருமற சத்தம் கேக்குதான்னு நின்னு பாத்துட்டுதான் போவேன்."

"எனக்கும் பயம்தான். அது உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் சாத்திக்கிட்டேன்."

அவளுக்குக் கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. மாமா அவள் கையிலிருந்த தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளையிலேருந்து ஒரே சட்டியில சமைம்மா. நான் வெளியில உக்காந்து உங்களோடவே சாப்பிடறேன். உப்பு பத்தலன்னு உன் புருஷன் முனகினா, நான் பேசிக்கறேன்."