நடுவில் இருக்கும் பஞ்சு

காலை ஆறு இருபதுக்குக் கடைக்காரர் வண்டியிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினார். இரண்டில் பச்சைப் பட்டாணி. மூன்றாவதில் பச்சை மொட்டுகள். ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. இதழ் நுனியெல்லாம் முள்.

“இது என்ன?” என்றாள் மனைவி.

“மொத்தக் கடையில கேரட் தீந்துபோச்சாம். இது வசந்தத்துல மட்டும் வருமாம். பாக்க லட்சணமா இருந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்.”

“பேரு?”

“சொன்னான். பாலம் தாண்டுறதுக்குள்ள மறந்துட்டேன்.”

“வீட்டுக்கு வழி மறக்காம வந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

மறுநாள் விடுமுறை. எல்லா வீட்டிலும் விருந்து. இன்று பத்து மணிக்கெல்லாம் காய் வாங்கக் கூட்டம் வந்துவிடும்.

இவர்கள் கடையில் காய் வாங்கினால் பையில் ஒரு சீட்டும் போடுவார்கள். எப்படி நறுக்குவது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று நான்கைந்து வரி. எழுதுவது மனைவி. போன வசந்தத்தில் பீட்ரூட்டுக்கு, சமைத்துப் பார்க்காமல், இருபது நிமிடம் என்று எழுதிவிட்டாள். எதிர்க்கடைத் தையல்காரம்மா அதை நம்பி விருந்தாளிகளுக்குப் பரிமாறினார். யாராலும் கடிக்க முடியவில்லை.

தையல்காரம்மா சண்டைக்கு வரவில்லை. காய் வாங்குவதையும் நிறுத்தவில்லை. பையிலிருந்து சீட்டை மட்டும் எடுத்து, இரண்டாக மடித்து, தராசின் மேல் வைத்துவிட்டுப் போவார். ஒரு வருடமாக.

திட்டியிருந்தால் தேவலை என்பாள் மனைவி. அந்தம்மா ஒரே ஒரு சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும் அவளுக்கு. பீட்ரூட்டுக்குப் பிறகு, தானே சமைத்துத் தின்னாத எதற்கும் அவள் சீட்டு எழுதுவதில்லை.

ஒரு மொட்டை எடுத்து, போனில் படம் பிடித்துத் தேடினாள். தாமரை என்றது. மொத்தக் கடைக்காரர் போனை எடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

கால் மணி நேரம் வெந்ததைக் கடைக்காரர் மென்றார். வெகுநேரம் மென்றார்.

“எப்படி?”

“இதுக்குக் கயிறே பரவால்ல.”

இரண்டாவதை நாற்பது நிமிடம் விட்டாள். இதழ் தானாகக் கழன்று வந்தது. அதன் அடியில் மட்டும் கொஞ்சம் சதை. பல்லால் வழித்துப் பார்த்தாள்.

“ஏங்க, நல்லாத்தான் இருக்கு.”

“இந்தத் துளிக்கா இவ்வளவு பாடு?”

“இருங்க. உள்ள என்னமோ இருக்கு.”

இதழ்களைப் பிய்த்துக்கொண்டே போனாள். நடுவில் வெள்ளையாக, மெத்தென்று, பஞ்சு. இதுதான் பருப்பு போலிருக்கிறது என்று கரண்டியால் அள்ளி வாயில் போட்டாள்.

கடைக்காரர் அவள் முதுகில் தட்டினார். தண்ணீர் கொடுத்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. தொண்டையில் ஆயிரம் மயிர் குத்தி நின்றது.

இருமல் கொஞ்சம் அடங்கியதும், பஞ்சைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடியில் கிண்ணம் போல் இருந்ததைத் தின்றாள். விடுவதாக இல்லை அவள். வெண்ணெய் போல் கரைந்தது. மேலே தண்ணீர் குடித்தாள். டம்ளரை உற்றுப் பார்த்தாள். மறுபடி குடித்தாள்.

நெல்லிக்காய் தின்றதுபோல், தண்ணீர் இனித்தது.

அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. உட்கார்ந்து சீட்டு எழுதினாள். ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

ஒன்பதேகாலுக்குத் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா.

“நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா சாப்பிட வர்றாங்க. புதுசா ஏதாவது வேணும்.” மொட்டைத் தொட்டுப் பார்த்தார். “இது ஜாடியில வைக்கவா, சட்டியில வைக்கவா?”

“சட்டியிலதாங்க. காலையிலேருந்து இவ அதைத்தான் தின்னுட்டிருக்கா.”

“நாலு போடுங்க.”

கடைக்காரர் போட்டார். மனைவி சீட்டைப் பையில் வைத்தாள். தையல்காரம்மா வழக்கம்போல் அதை எடுத்தார். இரண்டாக மடித்தார். தராசுப் பக்கம் கை போனது.

தராசுக்குப் பின்னால் மனைவி டம்ளரும் கையுமாக நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. இருமினாள்.

தையல்காரம்மா அவளையே பார்த்தார். பிறகு சீட்டைப் பிரித்து, தூரத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து படித்தார். கடைசிக்கு முந்தின வரியில் விரலை வைத்தார்.

“இதுக்கு மட்டும் ரெண்டு கோடு போட்டிருக்கே. இந்தப் பஞ்சை எடுக்காம தின்னா என்னம்மா ஆகும்?”