கொட்டிவிட்ட தண்ணீர்

அக்காவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள் தங்கை. சூல்பைப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் கொட்டிப்போய்ப் புதிதாய் முளைத்த குட்டை முடி. இரண்டு தேய்ப்பிலேயே காய்ந்துவிட்டது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"ஊர்ல உள்ள சூல்பையெல்லாம் ஆராய்ச்சி பண்ணினா. தன்னோடதைக் கோட்டை விட்டுட்டா," என்றாள் பெரியம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

இந்தப் பெரியம்மாவை வைத்துத்தான் அக்கா தன் வேலையை விளக்குவாள். "சூல்பையில இருக்குற செல்லு ஒரு புரதத்தைக் கசிய விடும்டி. அது பக்கத்து செல்லுக்குப் போனா அங்க ஹார்மோன் ஏறும், இல்லாட்டி இறங்கும். பெரியம்மா இங்க உக்காந்து ஒரு வார்த்தை விட்டா எதிர்வீட்டுல அடுப்பு அணையுதில்ல? அது மாதிரி."

தான் கண்டுபிடித்த புரதம் ஹார்மோனை இறக்கிவிடும் என்று அக்கா சொன்னாள். பேராசிரியர் நம்பவில்லை. கடைசியாக ஒரு தடவை செய்து பார்க்க விட்டார். சுவரைப் பிடித்துப் பிடித்து லேபுக்கு நடந்துபோய் அக்கா செல்களை வளர வைத்தாள். அவை மிதக்கும் சத்துத் தண்ணீரை மட்டும் மாற்றக்கூடாது. கசிந்ததெல்லாம் அதில்தான் சேரும். நாளைக்கு அதை அளப்பதாக இருந்தது. இன்று விடியும்போதே அக்கா இறந்துபோனாள்.

அக்காவோடு ஒரே மேசையில் வேலை பார்த்த தோழி வந்தாள். தங்கையின் தோளில் விழுந்து அழுதாள்.

"சேதி கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவங்க செல்லுங்களாவது பட்டினி கிடக்கக் கூடாதுன்னு பழைய தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்திட்டு வந்தேன்."

துண்டு நின்றது. "பழசு?"

"கொட்டி..." தோழியின் வாய் திறந்தபடியே இருந்தது. "ஐயோ. மத்ததுக்கெல்லாம் மாத்துற பழக்கத்துல..."

"திரும்பச் செய்ய முடியாதா?"

"சார் விடமாட்டாரு."

அதற்குள் பேராசிரியரே வந்துவிட்டார். பூக்களை வைத்துவிட்டு, தோழியிடம் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு அளக்கணுமே, தயாரா இருக்கா?"

சொல்லிவிடு என்பதுபோல் தங்கை தோழியையே பார்த்தாள்.

"பூஞ்சை பிடிச்சிருச்சு சார்," என்றாள் தோழி, தரையைப் பார்த்து. "எல்லாம் வீணாப் போச்சு."

"அதானே பார்த்தேன். உடம்பு முடியாம வந்து செஞ்சது. கையைச் சரியாக் கழுவியிருக்க மாட்டாங்க, பாவம். இனிமே அந்த வேலையை மூடிடலாம்."

"சின்ன வயசுலேருந்தே அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்தான்," என்றாள் பெரியம்மா.

தங்கையின் மணிக்கட்டைத் தோழி இறுக்கிப் பிடித்தாள்.

தங்கை அந்தப் பிடியை விலக்கினாள். போர்வைக்குள் இருந்த அக்காவின் கையை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மேலே வைத்தாள். லேபுக்குள் போகும்போதெல்லாம் ஸ்பிரிட் போட்டுப் போட்டுத் தேய்த்த விரல்கள். கணுவுக்குக் கணு தோல் வெடித்து வெளுத்திருந்தது.

பேராசிரியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எழுந்து வந்து, அந்தக் கையை உள்ளே தள்ளிப் போர்வையை இழுத்துவிட்டாள்.